உயிரோடிருந்தபோது நிறம்

காரைக்குடியில் மின்சாரம் போன ஆவணி மதியம்
ஜாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நூற்று எண்பத்தேழு தவளை, தொண்ணூறு அரணை.
பல்லிகளை இன்னும் தொடவில்லை.
மூடி இறுகாத ஒரு ஜாடியில்
திரவம் முழுக்க ஆவியாகி
உடும்புக் குஞ்சொன்று
காய்ந்த வாழைத்தோலாய்க் கிடக்கிறது.

கலால் அலுவலகத்திலிருந்து கடிதம்:
சென்ற ஆண்டு தங்கள் துறை பெற்ற
நாற்பது லிட்டர் ஸ்பிரிட்
யார் பொருட்டுச் செலவானது?
எழுதினேன்:
ஐயா, விரியன்கள் பதினொன்று, சாரைகள் ஆறு,
மற்றும் தேரைகள்.
ஐம்பது வருடமாக அதிலேயே கிடக்கிறார்கள்.
இதுவரை ஒருவரும் சத்தம் போட்டதில்லை.
அதைக் கிழித்துவிட்டு
வேறொன்று எழுதி அனுப்பினேன்.

முதலில் போவது நிறம்.
பச்சைப் பாம்பு கொஞ்ச நாளிலேயே நீலமாகிவிடும்,
மஞ்சள் மட்டும் கரைந்து வெளியேறிவிடுவதால்.
அப்புறம் அந்த நீலமும் நிற்காது.
ஆகவேதான் பதிவேட்டில் தனியே ஒரு கட்டம்:
உயிரோடிருந்தபோது நிறம்.
பேராசிரியர்கள் அதில் பழுப்பு என்று எழுதினார்கள்.
வெளிர் பழுப்பு. அடர் பழுப்பு.
மேற்படி.

ம. ஆரோக்கியம், ஆய்வக உதவியாளர்,
அவர் கையெழுத்து வரும் பக்கங்களில் மட்டும்
வேறு மாதிரி இருக்கிறது.

*தொடையின் உள்பக்கம்: ஊறவைத்த கொண்டைக்கடலை.*
*முதுகு: செம்புறாங்கல், நனைந்தது. காய்ந்தது அல்ல.*
*தொண்டை: நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.*
*கண்ணைச் சுற்றி: இருபது பைசா, தாமரை போட்டது, புதுசு.*

அறுபத்தொன்பது நவம்பரில் ஒரு வரி:
*எனக்குச் சொல்லத் தெரியவில்லை.*
*நேரில் வந்து பார்க்கவும்.*

யாரும் போய்ப் பார்த்ததாகக் குறிப்பில்லை.
அந்த ஜாடியைத் தேடி எடுத்தேன்.
உள்ளே இருப்பது
பழுப்பு.

எண் 212. தண்ணீர்ப் பாம்பு, ஒன்று.
நேமம் கண்மாய், மதகுக்கு வடக்கே நாற்பது எட்டு.
(யாருடைய எட்டு? அவர் உயரம் எவ்வளவு?)
வயிற்றின் நடுவில் ஒரு மேடு.
இரண்டு நாள் யோசித்து
மூன்றாம் நாள் கத்தரிக்கோலை எடுத்தேன்,
செதில் வரிசைக்கு ஓரமாக, விரல் நீளத்துக்கு.

பின்னங்காலில் தொடங்கி விழுங்கியிருக்கிறது.
ஆகவே கால்கள் அரைகுறை,
தலை மட்டும் முழுசு, வாய் மூடி,
இன்னும் ஒரு யோசனையில் இருப்பதுபோல.
மிஞ்சிய குதிகாலில் சிறு மண்வெட்டி:
மண்ணுக்குள் பின்பக்கமாக இறங்கி
மழைவரைக்கும் காத்திருக்கிற சாதி.
எங்கள் பட்டியலில் இல்லாதது.
ஐம்பது வருடமாக எங்கள் அலமாரியில் இருந்தது.

ஆரோக்கியம் ஒன்றைத்தான் எண்ணினார்.
சாக்குப்பையில் இரண்டு வருவது அவருக்குத் தெரியாது.

புதுச் சீட்டு வெட்டினேன்.
மை கரைந்துவிடும், பென்சில்தான்.
எண்: 212-அ.
இடம்: மேற்படி, சற்று முன்.
சேகரித்தவர் என்ற இடத்தில் தயங்கி
212 என்றே எழுதினேன்.
நீளம் அளந்தேன். வாயகலம் அளந்தேன்.
உயிரோடிருந்தபோது நிறம்:

அதற்கு ஒரு சாட்சி இருந்தது.
அது விழுங்கிவிட்டது.

மின்சாரம் வந்து விசிறி சுற்றி
பதிவேட்டின் தாள்கள் தாமாகப் புரண்டன.
ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம்.
முதல் மழை இரவில் கண்மாய்க் கரைக்கு ஒரு வண்டி,
தலைவிளக்கு இரண்டு, ஓட்டுநருக்குப் படி.
படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில்
நேரில் பார்க்க என்று நிரப்பிக் கொடுத்தேன்.

இன்று காலை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வியோடு:
எதை?